வளர்ச்சி உதவியைக் கூட்டவும், அதைச் செலவிடும் முறையைத் திருத்தவும் கோரும் மனு

அனுப்புநர்:
உதவி வழங்கும் நாடுகளில் வரி செலுத்தும் குடிமக்கள்

பெறுநர்:
மாண்புமிகு நிதி அமைச்சர்கள் மற்றும் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சர்கள்,
ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) வளர்ச்சி உதவிக் குழுவின் உறுப்பு நாடுகள்

பொருள்: 0.7 சதவீத இலக்கை எட்டுதல், உதவியின் தரத்தை உயர்த்துதல் – தொடர்பாக.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்று 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. அதற்கு வைத்த கெடு, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதி. 2024இல் உங்கள் குழுவின் நாடுகள் எல்லாம் சேர்ந்து தந்ததோ 0.33 சதவீதம்தான். பாதிகூட இல்லை. நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கு மட்டுமே அந்த ஆண்டு இலக்கைத் தாண்டின. அமெரிக்கா இந்த இலக்கை ஏற்கவே இல்லை என்பது தெரியும். ஏற்றுக்கொண்ட மற்றவர்கள் என்ன சொல்வீர்கள்? சுவீடன் 1974லேயே எட்டிய அளவு இது.

பிரிட்டன் 2013இல் எட்டியது, 2015இல் சட்டமாகவும் ஆக்கியது. பிறகு 2021இல் 0.5 சதவீதமாகக் குறைத்தது. 2027க்குள் 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. சட்டத்தில் எழுதியதற்கே இந்தக் கதி.

தொகை குறைவதைவிட, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவது எங்களை அதிகம் கவலைப்படுத்துகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, மறுஆய்வு செய்யப்போவதாகச் சொல்லி, வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு ஜூலையில், அந்த உதவியை வழங்கிவந்த அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் அமைப்பே மூடப்பட்டது. எச்ஐவி மருந்தைத் தினமும், வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். மறுஆய்வு முடியும்வரை நோய் காத்திருக்காது. ஆகவே எந்த நாடு உதவியைக் குறைக்க முடிவெடுத்தாலும், முன்கூட்டியே அறிவித்து, சில ஆண்டுகளில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்ற விதியை முதலில் கொண்டுவாருங்கள். மற்றதெல்லாம் தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது.

அடுத்து, கணக்கு. உதவி என்று காட்டப்படும் பணத்தில் ஒரு பகுதி உங்கள் எல்லையைத் தாண்டுவதே இல்லை. அகதிகளை உங்கள் மண்ணில் வைத்துப் பராமரிக்கும் முதல் ஆண்டுச் செலவை உதவிக் கணக்கில் சேர்க்க விதி இடம் தருகிறது. 2024இல் மொத்த உதவியில் சுமார் 13 சதவீதம் இப்படிப் போனது. அகதிகளைக் காப்பது கடமை, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதை வேறு தலைப்பில் எழுதுங்கள்.

உதவிப் பணத்தில், கொடுக்கும் நாட்டுக் கம்பெனியிடம்தான் பொருள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னொன்று. கொடுத்த கையாலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் வேலை இது. இதனால் செலவு 15 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது என்று ஓஇசிடியே சொல்கிறது. மிக ஏழை நாடுகளுக்கான உதவியில் இந்த நிபந்தனையை விலக்க 2001லேயே உங்கள் குழு பரிந்துரைத்தது. சரி, நடைமுறையில்? ஒப்பந்தங்களில் பெரும்பங்கு இன்றும் கொடுக்கும் நாட்டு நிறுவனங்களுக்கே போகிறது. பிரிட்டனின் உதவிப் பணத்தில் கட்டப்பட்ட மலேசியாவின் பெர்காவ் அணையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இது வீண் செலவு என்று பிரிட்டனின் உதவித் துறை அதிகாரிகளே எச்சரித்தும், ஆயுத விற்பனைப் பேச்சோடு பின்னிப்போய்ப் பணம் கொடுக்கப்பட்டது. அது சட்டவிரோதம் என்று 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமைக் குறைப்பே உதவியின் நோக்கம் என்று 2002இல் அங்கே சட்டம் வந்தது. அப்படியொரு சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும்.

ஊழலில் போகிறதே என்று சிலர் கேட்பார்கள். போகிற இடங்கள் உண்டு. அதற்கு மருந்து, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அதன் செலவையும் பொதுவெளியில் வைப்பது. உதவியையே நிறுத்துவது அல்ல. இதே மாதிரி பல நாட்டுப் பணமும் உழைப்பும் சேர்ந்துதான் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகமே அதை அறிவித்தது.

உதவி பெறும் நாடுகளின் உள்ளூர் அமைப்புகளின் நிலையையும் பாருங்கள். பேரிடர், போர்க்கால உதவியில் 25 சதவீதம் அவர்களுக்கு, முடிந்தவரை நேரடியாக, 2020க்குள் போக வேண்டும் என்று 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய மாநாட்டில் உடன்பட்டீர்கள். அந்த அளவு இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

எனவே 0.7 சதவீதத்தை எந்த ஆண்டுக்குள், ஆண்டுக்கு எவ்வளவு கூட்டி எட்டுவீர்கள் என்ற அட்டவணையை அடுத்த வரவு செலவுத் திட்டத்துடன் நாடாளுமன்றத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்த அட்டவணையில் அகதிகள் செலவு சேரக் கூடாது. மேலே சொன்ன ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பா, மறுப்பா என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள குடிமக்கள்