நியூ ஜெர்சி பிரைமரி வெறும் சடங்கு இல்லைங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நியூ ஜெர்சி கவர்னர் தேர்தலுக்கான பிரைமரி (கட்சி வேட்பாளர் யாருன்னு மக்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ற உட்கட்சித் தேர்தல்) ரிசல்ட் பத்தி நீங்க போட்ட செய்தியோட கடைசி வரி, "கட்சித் தலைமை விரும்பியவரே வென்றார், உட்கட்சித் தேர்தல் வெறும் சடங்காக முடிந்தது". அதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. கல்யாணம் ஆகி எடிசனுக்கு வந்த நாள்லேர்ந்து உங்க பத்திரிகைக்குச் சந்தா கட்டிட்டு வர்றேன், ஒரு தடவை கூட குறை சொல்லி எழுதினது இல்ல. இந்த 2025 ஜூன் 10ஆம் தேதி இருட்டோட எந்திரிச்சுப் போய் எங்க ஏரியா பூத்ல ராத்திரி வரைக்கும் போல் ஒர்க்கரா உக்காந்திருந்தவ நான், அதனால இதைப் பேசாம விட முடியல.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, டெமாக்ரடிக் கட்சில மட்டும் ஆறு பேர் நின்னாங்க. ஆறு பேருமே சும்மா பேருக்கு நின்னவங்க இல்ல. நின்னப்போ மிக்கி ஷெரிலும் ஜாஷ் காட்ஹைமரும் எம்.பி., ரஸ் பராக்கா நெவார்க் மேயர், ஸ்டீவ் ஃபுலப் ஜெர்சி சிட்டி மேயர், ஷான் ஸ்பில்லர் டீச்சர்ஸ் யூனியன் தலைவர், ஸ்டீவ் ஸ்வீனி ஸ்டேட் செனட்டையே பல வருஷம் நடத்தினவர். 8 லட்சம் பேருக்கு மேல டெமாக்ரடிக் பக்கம் ஓட்டுப் போட்டிருக்காங்க. ஷெரில் வாங்கினது சுமார் 34 சதவீதம், அதாவது மூணுல ஒரு பங்கு. ரெண்டாவது வந்த பராக்காவுக்கு 20 சொச்சம், ஃபுலப்புக்கு 16. இவங்க ரெண்டு பேரும் கட்சிப் பெரியவங்களை எதிர்த்துப் பேசியே ஓட்டுக் கேட்டவங்க, ரெண்டு பேரோட ஓட்டையும் கூட்டினா ஷெரில் வாங்கினதைவிட அதிகம் வரும். இங்க ரன் ஆஃப் (முதல் ரெண்டு பேருக்கு நடுவுல ரெண்டாவது சுத்து ஓட்டு) கிடையாது, யாரு முன்னாடி இருக்காங்களோ அவங்கதான் வேட்பாளர். ஓட்டு இப்படிச் சிதறிப் போய் ஒருத்தர் மேல வந்ததைச் சடங்குன்னு எப்படிங்க எழுத முடியுது? ஸ்பில்லருக்காக யூனியன் பணம் கோடி கோடி டாலரா கொட்டுச்சு, ஊரெல்லாம் டிவி விளம்பரம், தபால்பெட்டி திறந்தா அவர் முகம்தான், கடைசில 10 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தார். சடங்கா இருந்தா அவ்வளவு பணத்துக்கு ஏதாவது கிடைச்சிருக்கணும்.

ஷெரிலுக்குப் பல கவுண்டிகள்ல (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்குற கட்சிக் கிளைகளோட ஆதரவு இருந்தது நிஜம், எங்க மிடில்செக்ஸ் கவுண்டிக் கட்சியும் அவங்க பக்கம்தான். நான் அதை மறுக்கல. ஆனா ஆதரவு குடுக்குறது வேற, பேலட்டையே, அதாவது ஓட்டுச் சீட்டையே, வளைச்சு வைக்கிறது வேற. இந்த வித்தியாசத்தைப் பத்தி உங்க செய்தில ஒரு வார்த்தை கூட இல்ல, எனக்கு ரொம்ப வலிச்சது அதுதான்.

இத்தனை வருஷமா இந்த மாநிலத்துல "கவுண்டி லைன்"னு ஒண்ணு இருந்துச்சு. 21 கவுண்டில 19ல அதுதான் நடைமுறை. கவுண்டிக் கட்சித் தலைவர் யாருக்குக் கை காட்டுறாரோ அவங்க எல்லாரையும், கவர்னர்லேர்ந்து கவுண்டிப் பதவி வரைக்கும், ஒரே வரிசைல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அச்சடிச்சுக் குடுத்துருவாங்க. தனியா நிக்கிறவங்க பேரு எங்கயோ ஓரத்துல, நடுவுல காலிக் கட்டம் எல்லாம் விட்டு. 2017ல நான் சிட்டிசன் ஆகி முதல் முதலா பிரைமரில ஓட்டுப் போடப் போனப்போ ஜான் விஸ்னியெவ்ஸ்கி பேரைத் தேடினேன். அவர் எங்க கவுண்டிக்காரர், சேர்வில்லேர்ந்து வந்த அசெம்பிளி மெம்பர், பாலத்தை வேணும்னே அடைச்ச பிரிட்ஜ்கேட் விவகாரத்தைத் தோண்டி எடுத்தவர். சொந்த கவுண்டியோட லைனே அவருக்குக் கிடைக்கல, அது அப்புறம் கவர்னரான ஃபில் மர்ஃபிக்குப் போச்சு. மெஷின் முன்னாடி நின்னு விரலை வெச்சு ஒவ்வொரு கட்டமா நகர்த்தி நகர்த்தித்தான் அவர் பேரைக் கண்டுபிடிச்சேன், பின்னாடி கியூல நிக்கிறவங்க இருமுறாங்க, எனக்குக் கை வேர்த்துப் போச்சு. எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், தேடிப் பிடிச்சேன். படிக்கத் தடுமாறுற நம்ம ஊர்ப் பெரியவங்க என்ன பண்ணியிருப்பாங்க? நேரா லைன்ல இருக்குறதை அமுக்கிட்டு வந்திருப்பாங்க. அன்னைக்கு நீங்க சடங்குன்னு எழுதியிருந்தா நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அதை உடைச்சது 2024ல, அப்போ எம்.பி.யா இருந்த ஆண்டி கிம். எங்க மாநிலத்து யு.எஸ். செனட்டர் பாப் மெனென்டஸ் வீட்டுல தங்கக் கட்டி பிடிபட்டு கேஸ் ஆனதும் மறுநாளே செனட்டுக்கு நிக்கிறேன்னு சொன்ன மனுஷன். எதிர்ல கவர்னரோட மனைவி டாமி மர்ஃபி வந்தாங்க, அதுவரைக்கும் எந்தப் பதவிக்கும் ஜெயிச்சதில்ல, ஆனா பெரிய பெரிய கவுண்டித் தலைவர்கள் எல்லாம் உடனே அவங்க பின்னாடி போய் நின்னாங்க. கிம் கோர்ட்டுக்குப் போனார். அந்த அம்மா மார்ச் மாசம் போட்டிலேர்ந்தே விலகினாங்க, கொஞ்ச நாள்ல ஃபெடரல் ஜட்ஜ் ஜாகித் குரைஷி அந்த வருஷ டெமாக்ரடிக் பிரைமரிக்கு லைன் கூடாதுன்னு தடை போட்டார். 2025 மார்ச்ல அதுக்குச் சட்டமே வந்துருச்சு. ஆக லைன் இல்லாம நடந்த முதல் கவர்னர் பிரைமரி இதுதான். ஒவ்வொரு பதவிக்கும் தனிக் கட்டம், அதுக்குள்ள எல்லார் பேரும் ஒண்ணாச் சேர்ந்து. பூத்ல அந்தப் பேலட்டைப் பார்த்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. இந்த ரெண்டு வருஷக் கதைல ஒரு பத்தி கூட நீங்க போடல.

இது இன்னைக்கு வந்த வருத்தம் இல்ல. 2020ல அயோவாவோட டெமாக்ரடிக் அதிபர் வேட்பாளர் போட்டில ரிசல்ட் அனுப்புற ஆப் சொதப்பி ரிசல்ட் நாள் கணக்கா இழுத்தப்போ நாலு வரியோட முடிச்சீங்க. 2024 ரிபப்ளிகன் அதிபர் பிரைமரில நிக்கி ஹேலி சொந்த மாநிலமான சவுத் கரோலினாலயே ட்ரம்ப்கிட்ட தோத்தப்போ அவங்க பஞ்சாபி வம்சாவளிங்கிறது வந்துச்சு, டெலிகேட் (வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்குற மாநாட்டுப் பிரதிநிதிகள்) கணக்கு வரல. அதே வருஷம் பைடன் விலகினப்போ துளசேந்திரபுரம் கோயில்ல கமலா ஹாரிஸுக்காக நடந்த பூஜை அரைப் பக்கத்துக்குக் கலர் படமா வந்துச்சு, பிரைமரில பைடனுக்கு விழுந்த ஓட்டு கமலாவுக்கு எப்படிப் போச்சுன்னு யாரும் விளக்கல. இப்போ எங்க தேர்தல் முடிஞ்ச ரெண்டு வாரத்துல பக்கத்துல நியூயார்க்ல ஜோஹ்ரான் மம்தானி முந்தினதும் ரெண்டு பக்கக் கட்டுரை, மீரா நாயர் மகன்னு தலைப்புலயே. சந்தோஷம், போடுங்க. அது ஒரு சிட்டியோட மேயர் பதவி. எங்களுது ஒரு முழு மாநிலத்தோட கவர்னர் பதவி, இங்க தமிழ்க் குடும்பங்க எவ்வளவு பேர் இருக்கோம்னு உங்க சந்தா லிஸ்டைப் பார்த்தாலே தெரியும். எங்க வேட்பாளர் யாரும் நம்மாளு இல்லைங்கிறதால எங்க ஓட்டு செய்தி இல்லாமப் போயிருமா?

ஊர்ல விருப்ப மனு வாங்குவாங்க, நேர்காணல் நடக்கும், கடைசில தலைமை லிஸ்ட் விடும், அதைப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. அதனால வேட்பாளரை யாரோ மேல இருந்து முடிவு பண்றாங்கன்னுதான் நம்மாளுங்க இங்கயும் நினைச்சுக்கறாங்க. அன்னைக்கு மத்தியானம் பூத்துக்கு ஒரு பெரியவர் வந்தார், மகளைப் பார்க்க வந்து இங்கயே தங்கி சிட்டிசன் ஆனவர் போல. டெமாக்ரட்டா ரிபப்ளிகனான்னு என் பக்கத்துல இருந்தவங்க கேட்டதும் முகமே மாறிப் போச்சு. "நான் எந்தக் கட்சிலயும் இல்லம்மா, எனக்கு ஓட்டு இல்ல போல"ன்னு தமிழ்ல என்னைப் பார்த்துச் சொல்லிட்டு ஐடியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுத் திரும்பிட்டார். நான் எந்திரிச்சுப் போய், எந்தக் கட்சிலயும் பதிவு பண்ணாதவங்க இங்கயே அந்த நிமிஷமே ஒரு கட்சியைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு ஓட்டுப் போடலாம் ஐயா, ஆனா ஏற்கெனவே ஒரு கட்சில இருக்கவங்கதான் 55 நாளைக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும்னு சொன்னேன். எந்தக் கட்சின்னு நான் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்ல. அவர் கொஞ்ச நேரம் சேர்ல உக்காந்து யோசிச்சுட்டு வந்து கையெழுத்துப் போட்டார். வெளில போகும்போது "தமிழ்ப் பேப்பர்ல இதெல்லாம் போட மாட்டாங்களாம்மா"ன்னு கேட்டார், அவர் படிக்கிறதும் உங்க பத்திரிகைதான். அவருக்கு நான் என்ன பதில் சொல்றது? இப்போ நீங்க எழுதின வரியையும் அவர் படிச்சிருப்பார்.

ரிபப்ளிகன் பக்கமும் அதே அலட்சியம்தான். ஜாக் சியாட்டரெல்லி ட்ரம்ப் ஆதரவோட 68 சதவீதம் வாங்கினார், 2021 கவர்னர் தேர்தல்ல மர்ஃபிகிட்ட சுமார் 3 சதவீதத்துல தோத்தவர், இது சாதாரண விஷயம் இல்ல. அவர் பேரைக் கூட நீங்க தப்பா அச்சடிச்சிருக்கீங்க.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லைங்க. அடுத்த இதழ்ல ஒரு சின்னக் கட்டம் போட்டு ரெண்டு கட்சி வேட்பாளர்கள் பேரையும் யாருக்கு எத்தனை சதவீதம்னும் சரியா அச்சடிங்க, சியாட்டரெல்லி பேரைத் திருத்துங்க. 2025 நவம்பர் 4 பொதுத் தேர்தலுக்கு 21 நாள் முன்னாடியே வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுரும், அந்தத் தேதியை செப்டம்பர் இதழ்லயே போட்டுருங்க. உங்க பத்திரிகை எங்க கைக்கு வந்து சேரவே ரெண்டு வாரம் ஆகுது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
எடிசன், நியூ ஜெர்சி