நீலக் கண் இருந்தால் அசலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டு நாய்களுக்கு மவுசு திரும்பிவிட்டது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அதில், "பால் வெள்ளை நிறமும் நீலக் கண்ணும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அசல் ராஜபாளையம்" என்று ஒரு வரி. எழுதினவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்.

வெள்ளைக் குட்டிகளில் நீலக் கண்ணோடு பிறப்பவற்றுக்குக் காது கேட்காமல் போக வாய்ப்பு அதிகம். முடிக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உள்காதுக்கும் வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே செவி போய்விடும்.

என் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. யாரோ ஆசைப்பட்டு வாங்கி, அடுக்குமாடி பால்கனியில் கட்டிப்போட்டு, "கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது, திமிர் பிடித்தது" என்று எட்டாம் மாதம் என்னிடம் தள்ளிவிட்டுப் போனார்கள். தூங்கும்போது தலைமாட்டில் ஒரு தட்டில் கரண்டியால் தட்டினேன். அசையவில்லை. காலால் தரையை ஓங்கி மிதித்ததும் வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் இருட்டினால் தோட்டத்திலிருந்து அதைக் கூப்பிட டார்ச்சைத்தான் அணைத்து அணைத்து எரிக்கிறேன்.

உங்களுக்கு நாயும் சீசன் சரக்குதானே. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பொமரேனியன். 2003-இல் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் பக் இன நாய் ஓடியதும், மூச்சு வாங்கவே திணறுகிற அந்த ஜீவனுக்கு ஊரே அலைந்தது. நீங்கள் அட்டைப்படம் போட்டீர்கள். அப்போது நம் நாய்களைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரைக்கு இன்றுவரை பதில் இல்லை. 2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது, அதற்கும் ஒரு வரி இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பெயரைச் சொன்ன பிறகுதான் உங்களுக்கு நாட்டு நாய் கண்ணில் பட்டது.

வாங்க ஆள் கூடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளைக்காக ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்ப இணை சேர்ப்பார்கள். வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் ஓடின நாய் அது. வளர்த்தவரிடம் ஒட்டிக்கொள்ளும், வெளியாளைக் கிட்டே சேர்க்காது. அதைப் போய் விருந்தாளிகளோடு கொஞ்சி விளையாடும் என்று எழுதினால் கடிபடப்போவது உங்கள் கட்டுரையாளர் அல்லவே.

படத்தையும் சொல்லிவிடுகிறேன். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. அது கன்னி என்கிற வேறொரு நாட்டு நாய் இனம், ஐயா. வெள்ளை நாயைப் பற்றிய கட்டுரைக்குக் கருப்பு நாய் படம்!

நான் கேட்பது பெரிதல்ல. நீலக் கண் வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். குட்டி வாங்குகிறவர்கள் அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கட்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும், ஆனாலும் ஒன்றுமே பார்க்காமல் வாங்குவதற்கு இது தேவலை. பெட்டிக்கு இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்