உரக்கூடக் கசிவுநீரில் அம்மோனியா நீக்கம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உரக்கூடக் கசிவுநீர்ப் பணி முடிந்து, அமைப்பு ஓடத் தொடங்கிவிட்டது. குவியலுக்கு அடியில் சரிவுத் தளம், வாய்க்கால், படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, கடைசியாக சியோலைட் என்ற நுண்துளைக் கல் நிரப்பிய இரண்டு உருளைகள். செலவுக் கணக்கைத் தனித் தாளில் இணைத்திருக்கிறோம்.

முதலில் பென்டோனைட் களிமண்ணைத்தான் முயன்றோம். அதுவும் அம்மோனியத்தை, அதாவது அம்மோனியா நீரில் மின்னூட்டம் பெற்றிருக்கும் வடிவத்தை, பிடிக்கும். ஆனால் தண்ணீர் பட்டதும் ஊதி, உருளையை அடைத்துவிட்டது. இது எங்கள் கணிப்புப் பிழை. அதனால் வேலை தாமதமானது. அப்புறம்தான் கிளினோப்டிலோலைட் என்ற இயற்கை சியோலைட்டுக்கு மாறினோம். அது ஊதாத கல். தன் நுண்துளைகளில் இருக்கும் சோடியம், கால்சியத்தை விட்டுவிட்டு அம்மோனியத்தை வாங்கிக்கொள்ளும்.

புத்தகக் கணக்குப்படி ஒரு கிராம் கல்லுக்குச் சுமார் 2 மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டப் பரிமாற்றத்தை அளக்கும் அலகு), அதாவது 36 மில்லிகிராம் அம்மோனியம் பிடிக்க இடம் உண்டு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. உரக் கசிவுநீரில் பொட்டாசியம் ஏராளம். கிளினோப்டிலோலைட்டுக்கு அம்மோனியத்தைவிட அதன்மேல்தான் விருப்பம் அதிகம். பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டாலும் வியப்பில்லை. ஆகவே உருளை எப்போது நிறைந்தது என்பதை நாள் எண்ணி முடிவு செய்ய வேண்டாம். வெளிவரும் நீரைச் சோதித்துப் பாருங்கள். முதல் உருளையைத் தாண்டி அம்மோனியா வந்தால், இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவந்து, புதுக் கல் நிரப்பியதைப் பின்னால் வையுங்கள்.

நிறைந்த கல்லை உப்புநீரில் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். நாங்கள் அதை வேண்டாம் என்று முடிவு செய்தோம். கழுவிய உப்புநீரை எங்கே விடுவது? மண்ணில் விட்டால் மண் கெடும். கல்லை அப்படியே மண்ணில் கலந்தால், பிடித்துவைத்த தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அது மெதுவாக விட்டுக்கொடுக்கும். உருளையில் தொல்லை கொடுத்த பொட்டாசியம் வயலில் பயிருக்கு உதவும்.

ஒரு வேண்டுகோள். நாற்றம் வந்தால் குவியலில் சுண்ணாம்பு தூவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு கார அமிலத்தன்மையை (pH) உயர்த்தும். அது 9.25-ஐ நெருங்கினால் அம்மோனியத்தில் பாதி வாயுவாகிவிடும். மின்னூட்டம் இல்லாத அந்த வாயுவைக் கல்லால் பரிமாற்றத்தில் பிடிக்க முடியாது. நாற்றம் எழுந்தால் காய்ந்த இலை, மரத்தூள் சேர்த்துக் கிளறுங்கள். மணல் வடிகட்டியின் மேலடுக்கைச் சுரண்டும் முறைப்பட்டியலைக் கூடத்தின் கதவில் ஒட்டியிருக்கிறோம். உங்கள் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

— திருப்பணிக் குழு