சுமித்ரா பாவேயின் படப்பெட்டிகளைத் திறந்து காட்டுங்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பொறுப்பாளர்கள், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம்,
தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்,
லா காலேஜ் சாலை, புனே.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மராத்தி இயக்குநர் சுமித்ரா பாவே 2021 ஏப்ரல் 19 அன்று உங்கள் ஊரிலேயே காலமானார். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. நாலு பேர் கூடி அஞ்சலி செலுத்தக்கூட வழியில்லை. அவருடைய கடைசிப் படமான 'திட்டீ' அடுத்த மாதம் சோனி லிவ் தளத்தில் வெளியானது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்; பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். ஒரு மாநிலத்தின் கலைஞரை மற்ற மாநிலத்தார் மறப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் மறக்காமல் இருப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் அலுவலகம் அவர் வாழ்ந்த ஊரிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் புனேயில் குடியேறிய தமிழன். மராத்தியைக் காய்கறிச் சந்தையில் கற்றுக்கொண்டவன். பாவேயின் படங்களில் பாதி வசனம் எனக்குத் தானாகப் புரியும், மீதிக்குத் திரையில் ஆங்கில வசன வரிகள் வேண்டும். அந்த வரிகளும் இல்லாத பிரதிதான் சில நேரம் கைக்குக் கிடைக்கிறது.

அவர் திரைத்துறைக்கு வந்த வழி விசித்திரமானது. 1943 இல் புனேயில் பிறந்தவர். ஃபெர்குசன் கல்லூரிப் படிப்பு, மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தில் பயிற்சி, டெல்லி வானொலியில் மராத்திச் செய்தி வாசிப்பு, பிறகு கர்வே சமூகப் பணிக் கல்லூரியில் ஆசிரியப் பணி. குடிசைப் பகுதிப் பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வுதான் அவரைத் திசை திருப்பியது. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகும், அலமாரிக்குப் போகும். வாயைத் திறந்து தன் கதையைச் சொன்ன பெண்ணுக்கு அதில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. அப்படியானால் அவள் பார்க்கும்படியாக ஒன்றைச் செய்வோம் என்று முடிவெடுத்தார். 1985 இல் 'பாயி' என்ற குறும்படம் பிறந்தது. அப்போது அவருக்கு 42 வயது. திரைப்படக் கல்லூரி வாசலை மிதித்த பயிற்சி எதுவும் கிடையாது. முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. புனே திரைப்படக் கல்லூரியில் படித்த சுனில் சுக்தங்கர் துணை சேர, முப்பத்தைந்து ஆண்டுகள் இருவருமாகப் படமெடுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள், பதினைந்தை ஒட்டி முழுநீளப் படங்கள். பெரும்பாலான கதை, திரைக்கதை பாவேயினுடையது. பாடல்கள் பல சுக்தங்கருடையவை.

முதல் முழுநீளப் படம் 'தோகீ', 1995. கல்யாண ஊர்வலம் விபத்தில் சிக்கி மாப்பிள்ளை இறந்துபோகிறான். ராசியில்லாதவள் என்று ஊர் ஒதுக்கிய மணப்பெண் கெளரியை மும்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் உடலை விற்று அனுப்பும் பணத்தில் வீட்டு அடுப்பு எரிகிறது. அது எப்படி வந்த பணம் என்று அம்மாவுக்குத் தெரியும், தெரியாதது போலவும் இருக்கிறாள். உத்தரா பாவ்கர் அந்த அம்மாவாக நடிப்பதைப் பார்க்க வேண்டும். மகள் திரும்பி வந்து நிற்கும்போது முகத்தில் பாசமும் அருவருப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். இந்தப் படத்தைத் தயாரித்தது உங்கள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் தூர்தர்ஷனும்தான். மக்கள் பணத்தில் எடுத்த படம். அதை நல்ல பிரதியில் எங்கே பார்க்கலாம் என்று கேட்கும் உரிமை வரி கட்டும் எவருக்கும் உண்டு.

அவருடைய எல்லாப் படமும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் பாத்திரம் வாயை மூடிக்கொள்ள, உள்ளேயிருந்து கர்வே கல்லூரி ஆசிரியை எழுந்து பாடம் நடத்துவார். 'தேவராயி' மனச்சிதைவைப் பற்றிய படம், அதுல் குல்கர்ணியின் அபாரமான நடிப்பு. அதிலும்கூட நோயை விளக்கும் காட்சிகளைக் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் 'அஸ்து' வந்தபோது அந்தக் குறையும் கரைந்துவிட்டது. மறதி நோய் முற்றிய சமஸ்கிருதப் பேராசிரியராக மோகன் ஆகாஷே. மகள் சற்று அகன்ற நேரத்தில் காரை விட்டிறங்கி, தெருவோடு போகும் யானையின் பின்னால் நடக்கத் தொடங்குகிறார். யானைக்காரனின் மனைவி சென்னம்மா, கன்னடம் பேசும் ஏழைப் பெண், அவரைக் கைக்குழந்தையைப் போல் பார்த்துக்கொள்கிறாள். ஊரே வணங்கிய அறிஞர் அவளை 'ஆயீ', அம்மா, என்றழைக்கிறார். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது; அவருக்கும்தான் தெரியாது. நோயைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லாமல் அந்தக் காட்சி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சென்னம்மாவாக நடித்த அம்ருதா சுபாஷுக்கும், வசனம் எழுதிய பாவேக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயமே.

2016 இல் வந்த மராத்திப் படம் எது என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் 'சைராட்' என்பார்கள். நல்ல படம், மறுப்பில்லை. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான தங்கத் தாமரை பாவேயும் சுக்தங்கரும் எடுத்த 'காசவ்' படத்துக்குப் போனது. தற்கொலைக்கு முயன்ற ஓர் இளைஞனை, தானும் மன அழுத்தத்தோடு போராடும் ஒரு பெண் கொங்கண் கடற்கரை வீட்டுக்கு அழைத்து வந்து, எதுவும் துருவிக் கேட்காமல் இருக்க விடுகிறாள். வெளியே பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை. நாட்டின் மிகப் பெரிய திரை விருதை வாங்கிய படம், விருது அறிவித்துப் பல மாதம் கழித்துத்தான் திரையரங்குக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

சரி, உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பாவேயின் படங்களில் எவற்றின் நெகட்டிவும் பிரதியும் காப்பகத்தில் இருக்கின்றன, என்ன நிலையில் இருக்கின்றன என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். குறிப்பாக 'பாயி' முதலான தொடக்ககாலக் குறும்படங்கள். அந்தக் காலத்து அசிட்டேட் பிலிம், சூடும் ஈரமும் பட்டால் பெட்டியைத் திறந்ததுமே காடி வாடை மூக்கில் அடிக்கும். பிறகு சுருங்கும், உதிரும். இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2003 ஜனவரியில் லா காலேஜ் சாலை வளாகத்துக் கிடங்கில் தீப்பிடித்து, பழம்பெரும் பிரபாத் பட நிறுவனத்தின் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம்கள் சாம்பலானதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பிற்காலப் படங்கள் டிஜிட்டல்தானே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. ஹார்ட் டிஸ்க் பிலிமைவிடச் சீக்கிரம் செத்துப்போகும்.

பணமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். திரைப்பட மரபுத் திட்டத்தின்கீழ் சுமார் 2,200 படங்களைச் சீரமைக்க ரூ.363 கோடி என்று 2022 மே மாதம் மத்திய அரசே அறிவித்தது. சத்யஜித் ராய்க்கும் குரு தத்துக்கும் முன்னுரிமை கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, அவர்களைத் தேடி வர உலகமே இருக்கிறது. பாவேயைத் தேடி வரப்போவது மனநல மருத்துவர்கள், சமூகப் பணி மாணவர்கள், மறதி நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள்கள். அவர்களால் உங்கள் அரங்கத்துக்கு வர முடியாது. படம்தான் அவர்களிடம் போக வேண்டும். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்று சொந்த ஓடிடி தளமே தொடங்கிவிட்டது. குறைந்தபட்சம் 'தோகீ'யை அதில் ஏற்றுவதற்கு யாருடைய அனுமதி தேவை? பிற படங்களுக்குத் தயாரிப்பாளர்களிடம் பேச வேண்டியிருக்கும். மனநல மருத்துவரான ஆகாஷே தாமே இந்தப் படங்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று, திரையிட்டு, பார்த்தவர்களோடு உட்கார்ந்து பேசியவர். பேச்சுக்கு அழைத்தால் வராதவர்கள் இல்லை.

'ஏக் கப் ச்யா' படத்தில் ஒரு பஸ் நடத்துநருக்கு மலைக்க வைக்கும் தொகைக்கு மின்கட்டண ரசீது வருகிறது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடக் கற்றுக்கொள்கிறார். இந்த மடலுக்குப் பதில் வராவிட்டால் நானும் பத்து ரூபாய் கட்டி அதே வழியில் போவேன். மிரட்டல் இல்லை, பாவே கற்றுக்கொடுத்த வழி.

இன்னொன்று. படங்களை வெளியிடும்போது ஆங்கிலத்தில் மட்டும் வசன வரிகள் போட்டால், 1985 இல் அவர் எந்த அலமாரியிலிருந்து தப்பி ஓடினாரோ அங்கேயே அவரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். இந்திய மொழிகளில் போடுங்கள். 'அஸ்து', 'திட்டீ' இரண்டுக்கும் தமிழ் வரிகளை எழுதித்தர நான் தயார், ஊதியம் வேண்டாம். 'திட்டீ'யில் வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த கொல்லன் ராம்ஜி, முப்பது ஆண்டு பண்டரிபுர யாத்திரை போனவன், விட்டலனிடம் கேட்கும் கேள்விகளை பண்டரிபுரம் போகும் வர்க்கரி பக்தர்களின் பஜனை மரபு அறிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டியிருக்கும். அதற்கு மட்டும் உங்கள் தரப்பில் ஓர் ஆளைக் கொடுங்கள். நேரக் குறிப்போடு கூடிய மராத்தி வசனப் பிரதியை அனுப்பிவைத்தால் அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
புனேவாழ் தமிழ் ரசிகன் ஒருவன்