எழுதிட்டோம் என்றாயே

வலங்கைமான்
தை 22

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சம்பா அறுப்பு முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் ஆறு நாளாகக் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள். பனியில் எங்கே இறங்குகிறது? சித்தப்பா படுதாவும் கையுமாக அங்கேயே இருக்கிறார்.

நீ என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். கடைசியாகப் பேசியபோது, மருந்துக்கான கஞ்சாப் பூவை உலர்த்தும் உங்கள் அறையில் ஈரம் கட்டுக்குள் வரவில்லை என்றாய். அப்புறம், "அளவெல்லாம் சரியா எழுதிட்டோம்ப்பா" என்றாய். சரியாக இருந்தது என்று சொல்லவில்லை.

அது இருக்கட்டும். உலர்த்தலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நூறு கிலோ பச்சைப் பூ வெட்டினால் உலர்ந்து நிற்பது இருபத்தைந்து கிலோதான். மீதி 75 லிட்டர் தண்ணீர். அதில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே காற்றில் இறங்கும். உங்கள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் இழுக்கும் என்று பார்த்துத்தான் எத்தனை கிலோ வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். பூ முற்றிவிட்டதே என்று மொத்தத்தையும் வெட்டி ஒரே அறையில் நெருக்கித் தொங்கவிட்டால் எந்த இயந்திரமும் தாங்காது. அறை 18, 20 டிகிரி, காற்றின் ஈரம் 55 சதவீதத்தை ஒட்டி, பத்துப் பதினாலு நாள். விசிறிக் காற்று பூவின்மேல் நேராக அடிக்கக் கூடாது. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்ளீரம் வெளியே வர வழியில்லாமல் போகும். வாசனை எண்ணெயும் பறந்துவிடும்.

கையை நம்பாதே. நெல்லும் அப்படித்தானே, மேலே சலசலக்கும், கடித்தால் மெத்தென்று இருக்கும். பூ சருகாக நொறுங்கும்போது நடுக்காம்பில் ஈரம் இருக்கும்; டப்பாவில் அடைத்த ஓரிரு நாளில் அது பூ முழுக்கப் பரவும். அறையின் மேல், கீழ், நடு, கதவோரம் என்று நாலு இடத்திலிருந்தும் பெரிய பூக்களாக எடு. காம்போடு மூடி ஒரு நாள் வைத்த பிறகு வாட்டர் ஆக்டிவிட்டி, அதாவது பூஞ்சை வளரப் பயன்படும் ஈரத்தின் அளவு, பார். 0.55க்கும் 0.65க்கும் நடுவே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் பூஞ்சைக்கு வழி திறக்கிறோம் என்று அர்த்தம். மீட்டரையும் சோதித்துக்கொள்: 25 டிகிரியில் கரைக்க முடிந்த மட்டும் உப்புக் கரைத்த தண்ணீருக்கு 0.753 காட்ட வேண்டும்.

நீ செய்கிற வேலை எனக்குப் பெருமைதான் பாப்பா. 2018இல் அமெரிக்கா அனுமதித்த எபிடியோலெக்ஸ், குழந்தைகளின் கடுமையான வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து, இந்தச் செடியிலிருந்து வந்தது; ஒரு மில்லிக்கு அந்தச் செடியின் சிபிடி என்ற வேதிப்பொருள் 100 மில்லிகிராம், கரைத்திருப்பது நல்லெண்ணெயில். இதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்ல ஆசை. ஆனால் மருந்துக் கம்பெனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கஞ்சா என்ற சொல்லைப் பெரியம்மா தாங்கமாட்டார், உனக்கே தெரியும்.

உங்கள் பூவை ஆவியாக்கி இழுப்பவர்களில் கீமோ எடுத்து எதிர்ப்பு சக்தி அற்றுப்போனவர்களும் இருப்பார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து அவர்கள் நுரையீரலில் போய் முளைத்தால் உயிரையே வாங்கும். எப்படியும் காமா கதிருக்குப் போகப்போகிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதே. கதிர் வித்தைக் கொல்லும். பூஞ்சை ஏற்கெனவே கக்கிவிட்ட அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அப்படியே இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், மீட்டர் காட்டியதை, காட்டிய நேரத்தில் எழுது. தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடி, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்; பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி, காரணம். பார்க்கத் தவறிய அளவை, தவறியது என்றே எழுது. செடி வெட்டும்வரை அது விவசாயம். உலர்த்தும் அறைக்குள் வந்துவிட்டால் மருந்து. லாட்டை, அதாவது ஒரு தொகுதிச் சரக்கை, வெளியே விடுகிறவர் அறைக்குள் வந்து பார்ப்பதில்லை, உன் தாளைத்தான் பார்க்கிறார். மீட்டர் காட்டியதை மட்டும் எழுது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன். மூலிகைச் சாறு எடுக்கும் தொழிற்சாலையில் தரப்பிரிவில் இருந்தபோது, ஒரு ராத்திரி உலர்த்தியின் வெப்பநிலையை மூன்று மணி நேரம் நான் பார்க்கவே இல்லை. விடிந்ததும் மூன்று கட்டத்திலும் 60, 61, 60 என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. லாட்டு போய்விட்டது. யார் சாப்பிட்டார்கள், என்ன ஆனது, எனக்குத் தெரியாது. அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. உனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்த வருஷங்களில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உன் தாளில் அப்படி ஏதாவது கட்டம் இருந்தால், இப்போதும் வழி இருக்கிறது. பழைய தேதி போடாதே. இன்றைய தேதியில், தாமதமான பதிவு என்று நடந்ததை எழுது. டீவியேஷன், அதாவது முறை தவறியதற்கான அறிக்கை, திற. சுவரில் அளவைத் தானாகப் பதியும் லாகர் கருவி அந்த நாட்களில் காட்டியதை எடுத்து இணை. அதுவரை லாட்டை நிறுத்தி வைக்கச் சொல். வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது.

பொங்கலுக்கு அனுப்பிய பணம் வந்தது. ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அம்மா தூங்கியிருப்பாள். நான் திண்ணையில்தான் இருப்பேன்.

அப்பா