பறக்கவிடும் முன் ரேஞ்ச் சோதனை

உறுப்பினர்களுக்கு வணக்கம். ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானம் கொண்டுவருவோர் அனைவரும் முதல் பறப்புக்கு முன் ரேஞ்ச் சோதனையை (சிக்னல் போதிய தூரம் எட்டுகிறதா என்று பார்ப்பதை) முடித்துவிட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடித்து இயக்கும் கருவியை) ரேஞ்ச் செக் நிலைக்கு மாற்றினால் அதன் வெளியீட்டுத் திறன் வெகுவாகக் குறையும். அந்நிலையில், கையேட்டில் சொல்லப்பட்ட தூரம் (பல செட்டுகளில் ஏறத்தாழ 30 தப்படி) தள்ளி நின்று, மற்றொருவர் விமானத்தை மெல்லத் திருப்பிக் காட்ட, எந்தப் பக்கம் திருப்பினாலும் சுக்கான் (வாலிலுள்ள திசைதிருப்பும் பலகை) தயங்காமல் அசைகிறதா என்று பார்க்கவும். ஈர மணலில் வைத்துச் சோதித்துவிட்டு விமானத்திலுள்ள ரிசீவரைக் குறை சொல்ல வேண்டாம். தரையோடு ஒட்டியிருந்தால் சிக்னல் குறையத்தான் செய்யும், ஆகவே இடுப்புயர மேசையில் வைக்கவும். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனி விமானத்தை நோக்கியிருக்கக் கூடாது. உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டர் பின்களை முன்னதாகவே மாற்றிவிடவும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்ததும் அது நிற்கிறதா என்பதையும் உறுதிசெய்யவும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால், அருகிலுள்ள அரியமான் கடற்கரைப் பக்கம் அனுமதியின்றி எவரும் பறக்கவிடக் கூடாது.