நம்ம லேஅவுட் சங்க ஆண்டறிக்கை: முற்றத்துக்கு நெருப்பா, ஹீட்டரா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொதுக்கூட்டத்துக்கு முன்னாடி செயலாளர் கொடுக்க வேண்டிய ஆண்டறிக்கை இது. கூட்டத்துல முழுசா படிக்க நேரம் பத்தாது, அதனால இங்கயே போட்டுட்டேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள பொறுமையா படிச்சிட்டு வந்துடுங்க. வரவு செலவு பொருளாளர் அம்மா தனியா வாசிப்பாங்க.

சின்ன விஷயங்களை முதல்ல முடிச்சிடறேன். போர் மோட்டார் ரீவைண்டிங் பண்ணியாச்சு, கடைசித் தெருவுக்கு எல்.இ.டி லைட்டு வந்தாச்சு, மழைத்தண்ணி கால்வாய் தூர் வாரியாச்சு. நாய்களுக்கு கருத்தடை பண்ணச் சொல்லி மாநகராட்சில மனு கொடுத்திருக்கோம், இன்னும் பதில் வரல. பொங்கல் விளையாட்டு நல்லபடியா நடந்துச்சு, ஓடியாடி வேலை பார்த்த பசங்களுக்கு சங்கத்தோட நன்றி.

இந்த வருஷம் கமிட்டில அதிகமா பேசினது கிளப் ஹவுஸ் பின்னாடி இருக்கிற முற்றத்தைப் பத்திதான். நம்ம ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரில இருந்து வர்றவங்களுக்கு சூளகிரி தாண்டினதுமே காத்து மாறுறது தெரியும், மார்கழி தை வந்துட்டா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த முற்றத்துல யாரும் உட்கார்றதில்ல. வாக்கிங் முடிச்சு பெரியவங்க ஒண்ணா உட்கார்ந்து பேசற ஒரே இடம் அதுதான், ரெண்டு மாசம் அது காலியா கிடந்தா சிலபேர் வீட்டுக்குள்ளயே டிவி முன்னாடி முடங்கிடறாங்க, அது எனக்கு ரொம்ப மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. அதனாலதான் இதை அஜெண்டால சேர்த்தேன்.

பசங்க எல்லாம் விறகு போடற ஃபயர் பிட்தான் வேணும்னாங்க. சிலபேர் பெங்களூர் ஹோட்டல்கள்ல நிக்குற குடை மாதிரி கேஸ் ஹீட்டர் கேட்டாங்க. எலெக்ட்ரிக்தான் சரின்னு எலெக்ட்ரிகல் டிப்ளமா படிச்ச நம்ம ரெண்டாவது தெரு அண்ணன் சொன்னாரு. மூணையும் விசாரிச்சோம்.

கேஸ்தான் முதல்ல கழிஞ்சது. அந்த பெரிய ஹீட்டர் ஃபுல்லா வச்சா 13 கிலோவாட் வரைக்கும் போகும், அப்படின்னா மணிக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ், 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் சுமார் இருபது மணி நேரம்தான் வரும், வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை இதுக்கு எடுத்து மாட்டவும் கூடாது. சூடுல நிறைய மேல போயிடும், காத்தடிச்சா இன்னும் மோசம். அதைவிட முக்கியம், எல்.பி.ஜி காத்தை விட கனமானது, லீக் ஆனா மேல பறந்து போகாது, தாழ்வான இடத்துல போய் தேங்கும். நம்ம முற்றம் ரெண்டு படி கீழ இறங்கின பள்ளம், சுத்தி கட்டைச் சுவர் வேற. குழந்தைங்க ஓடற இடத்துல இது வேண்டாம்னு எல்லாருமே ஒத்துக்கிட்டாங்க.

விறகு நெருப்பு விஷயத்துல எனக்கே ஆசை உண்டு. சுத்தி உட்கார்ந்து குளிர் காயறதும், மக்காச்சோளம் சுட்டு சாப்பிடறதும், நேரம் போறது தெரியாம பேசறதும் எந்த ஹீட்டர்லயும் வராது. ஆனா எங்க வைக்கிறோம், எதுல வைக்கிறோம், என்னத்தை எரிக்கிறோம்னு மூணும் சரியா இருக்கணும். முற்றத்துல பாதிக்கு மேல பாலிகார்பனேட் ஷீட் கூரை, மூங்கில் தட்டி, அதுக்கு அடியில நெருப்புன்ற பேச்சே கிடையாது. சுவர், தட்டி, புங்கமரம் எல்லாத்துல இருந்தும் குறைஞ்சது 3 மீட்டர் தள்ளி, தலைக்கு மேல கிளை இல்லாத இடம் வேணும், அப்படி பார்த்தா கிழக்கு மூலை ஒண்ணுதான் தேறுது. குளிர் காலத்துல காத்து பெரும்பாலும் வடகிழக்குல இருந்து வருது, புகை தென்மேற்குப் பக்கம் போகும், அங்க இருக்கிற வீட்டுல வீசிங் இருக்கிற குழந்தை இருக்கு. அதனால தினமும் விறகு எரிக்கிறது முடியவே முடியாது, விசேஷ நாள்ல மட்டும், அதுவும் அவங்க வீட்டுல முன்னாடியே சொல்லிட்டு.

"நம்ம ஊர்ல கிரானைட்டுக்கா பஞ்சம், கல்லுலயே குழி கட்டிடலாமே"ன்னு ஒரு உறுப்பினர் கேட்டாரு, நல்ல கேள்விங்க. ஆனா கிரானைட் உள்ள இருக்கிற குவார்ட்ஸ்ங்கற கனிமம் சூட்டுல விரியும், 573 டிகிரி செல்சியஸ் கிட்ட ஒரேயடியா பெருத்துடும், கல்லுல ஈரம் இருந்தா அது நீராவியாகி சில்லு சில்லா தெறிக்கும். பாறை மேல தீ மூட்டி பலகை பலகையா உரிச்சு எடுக்கிற பழைய முறையைப் பத்தி குவாரில வேலை பார்த்த பெரியவங்க சொல்வாங்க, அதே வேலைதான் நம்ம குழியிலயும் நடக்கும், ஆனா பக்கத்துல குழந்தைங்க உட்கார்ந்திருப்பாங்க. ஆத்துல பொறுக்கின கூழாங்கல்லு இன்னும் ஆபத்து. கல்லு வேணும்னா வெளிப்பக்கம் அழகுக்கு வச்சுக்கலாம், உள்பக்கம் சூடு தாங்கற ஃபயர் பிரிக் செங்கல்தான்.

கட்டடமே வேண்டாம், ரெண்டு சுவர் வச்ச ஸ்டீல் பிட் வாங்கலாம்னு முடிவாச்சு. அடியில இருக்கிற ஓட்டை வழியா உள்ள போற காத்து ரெண்டு சுவருக்கும் நடுவுல சூடாகி மேல விளிம்புல இருக்கிற ஓட்டைல வெளிய வரும், புகையா போக வேண்டியது அங்கயே எரிஞ்சுடும். நல்லா காஞ்ச விறகு போட்டாத்தான் இது வேலை செய்யும், பச்சை விறகு போட்டா எந்த பிட்டா இருந்தாலும் கண்ணெரிச்சல்தான். சவுக்கு, புளிய விறகு, கொட்டாங்குச்சி இது போதும். பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பழைய டயர், பாய் எதுவும் போகிக்குக் கூட இதுல போடக் கூடாது, குப்பையை எரிக்கக் கூடாதுன்னு திடக்கழிவு விதிகள்லயே இருக்கு.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு வீட்டுப் பிள்ளைங்க கிட்டயும் சொல்லிடுங்க. நம்ம காம்பவுண்டு ஓரமா இருக்கிறதெல்லாம் அரளி. வெட்டிப் போட்ட அரளிக் கிளை காஞ்சு கிடந்தா எடுத்து நெருப்புல போடத் தோணும், அந்தப் புகையே விஷம், அதோட குச்சில சோளத்தைக் குத்தி சுடவும் கூடாது. இனிமே அரளி வெட்டினா அன்னிக்கே வண்டில ஏத்திடணும்னு தோட்டக்காரர்கிட்ட சொல்லியாச்சு.

தினசரி உபயோகத்துக்கு எலெக்ட்ரிக் இன்ஃப்ராரெட்தான் சரிப்படும். திறந்த இடத்துல ரூம் ஹீட்டரோ ஃபேன் ஹீட்டரோ வச்சா சூடான காத்து அப்படியே போயிடும், இன்ஃப்ராரெட் காத்தை சூடாக்கிட்டு இருக்காது, காலைல இளவெயில் முதுகுல படற மாதிரி நேரா ஆள் மேல படும். ஒண்ணு 2000 வாட், மணிக்கு 2 யூனிட், ரெண்டு மாட்டி சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போட்டா 8 யூனிட். சாரல் படற இடம்ங்கறதால தண்ணி, தூசியை எவ்வளவு தாங்கும்னு காட்டற ஐ.பி 55 இல்லாட்டி ஐ.பி 65 குறி போட்டதாத்தான் வாங்கணும், குழந்தைங்க கை எட்டாம ஏழு எட்டு அடி உயரத்துல, ஷீட் கூரைல இருந்து கம்பெனி சொல்ற இடைவெளி விட்டு மாட்டணும். ஒவ்வொண்ணுக்கும் தனி 16 ஆம்பியர் லைன், கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி சுவிட்ச் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகற வேலை கூடாது. காமன் மீட்டர்ல லோடு, அதாவது நமக்கு அனுமதிச்ச மின்சார அளவை, கூட்ட விண்ணப்பம் போடணும், அதுக்கு பொதுக்குழு அனுமதி வேணும்.

இதெல்லாத்தையும் விட என்னை உலுக்கின விஷயம் ஒண்ணு இருக்கு. மார்கழில ஒரு நாள் விடியக்காலம் பால் வாங்கப் போன பொருளாளர் அம்மா, வாட்ச்மேன் ரூம் கதவைத் தட்டியிருக்காங்க, அவரு எந்திரிக்கவே நேரமாச்சாம். உள்ள இரும்புச் சட்டில கரி கனல், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி. "சாத்தினாத்தானுங்கம்மா சூடு நிக்குது, தலைதான் கொஞ்சம் பாரமா இருக்குதுங்க"ன்னாராம். கரிக்கனல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல ரத்தத்தோட ஒட்டிக்கும், தலைவலி மயக்கம்னு ஆரம்பிச்சு தூக்கத்துலயே உயிர் போயிடும். வடக்கே குளிர் காலத்துல குடும்பம் குடும்பமா இப்படி போனதை வருஷா வருஷம் செய்தில பார்க்கிறோம். அன்னிக்கே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் காட்டினோம், நல்லா இருக்காரு. சட்டியை எடுத்துட்டோம், ஜெர்கின், கம்பளி, குல்லா வாங்கிக் கொடுத்தோம், ரூமுக்கு ஆயில் ஹீட்டர் ஒண்ணு வச்சிருக்கோம். அந்தச் செலவைப் பத்தி யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கூட்டத்துல என்கிட்டயே கேளுங்க, நான் பதில் சொல்றேன். உங்க வீட்டுலயும் சாம்பிராணிக் கனல், பார்பிக்யூ கரி எதையும் சூட்டுக்குன்னு மூடின ரூமுக்குள்ள வைக்காதீங்க.

ஆக, பொதுக்குழு முன்னாடி வைக்கிறது ரெண்டு தீர்மானம். கூரைக்கு அடியில ரெண்டு இன்ஃப்ராரெட் ஹீட்டரும் அதுக்கான லோடும் ஒண்ணு. கிழக்கு மூலைல விசேஷ நாளுக்கு ஸ்டீல் பிட் ஒண்ணு, ராத்திரி ஒன்பதரையோட அணைச்சிடணும், பெரியவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும், பக்கத்துல தண்ணி பக்கெட்டும் மணலும் இருக்கணும், சாம்பலுக்குள்ள கனல் மறுநாளும் இருக்கும்ங்கறதால மூடி போட்ட இரும்பு டப்பாலதான் அள்ளணும்.

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு கிளப் ஹவுஸ்ல கூட்டம். சந்தா பாக்கி இருக்கிறவங்க அன்னிக்கே கட்டிடலாம், வர முடியாதவங்க லோடு விண்ணப்பத்துக்கான சம்மதக் கையெழுத்தை சனிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல போட்டுடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்